அடர்த்தி வேறு, கெட்டி வேறு: வீட்டிலேயே அடுக்கு மெத்தை செய்ய ஃபோம் தேர்ந்தெடுப்பது எப்படி?

நான் முதன்முதலில் மெத்தை செய்தபோது 15 செ.மீ. கனத்தில் ஒரே ஃபோம் பலகையை வாங்கி, உறை தைத்துப் போட்டுக்கொண்டேன். வாங்கும்போது கையால் அழுத்திப் பார்த்தேன், கெட்டியாக இருந்தது. "கெட்டி ஃபோம், பல வருஷம் உழைக்கும்" என்றார் விற்றவர். எட்டு மாதம்கூட ஆகவில்லை, இடுப்பு படும் இடத்தில் பள்ளம் விழுந்துவிட்டது. காலையில் எழும்போதெல்லாம் முதுகு பிடித்துக்கொண்டது. கெட்டியாக இருப்பது உழைக்கும் என்று நானும் அவரைப் போலவே நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை ஏன் தவறு என்று புரிந்துகொண்டால், குறைந்த செலவில் நல்ல மெத்தை செய்வதில் பாதி வேலை முடிந்தது.

மெத்தைக்குப் பயன்படும் சாதாரண ஃபோம், பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. பி.யு. ஃபோம் என்று விற்பார்கள். பாலியூரித்தேனை ஓட்டையே இல்லாமல் வார்த்தால் ஒரு கன மீட்டர் சுமார் 1,200 கிலோ எடை இருக்கும். அதே ஒரு கன மீட்டர் ஃபோமாகும்போது 30 கிலோ அளவுக்குத்தான் இருக்கிறது. மிச்சமெல்லாம் காற்று. நூற்றில் 97 பங்குக்கு மேல் காற்று, மீதி இரண்டு மூன்று பங்குதான் பொருள். மெல்லிய கம்பிகளைப் போலப் பின்னிக் கிடக்கும் அந்தச் சிறு பங்குதான் நம் உடம்பு முழுவதையும் தாங்குகிறது.

அந்தக் கம்பிகளில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்பதுதான் அடர்த்தி. ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்று அதைச் சொல்வார்கள். "32 டென்சிட்டி", "40 டென்சிட்டி" என்று விற்பவர்கள் சொல்வது இந்த எண்ணைத்தான். நாம் புரண்டு படுக்கும்போதெல்லாம் அந்தக் கம்பிகள் வளைந்து நிமிர்கின்றன. பொருள் குறைவாக இருந்தால் சீக்கிரம் தளர்ந்துவிடும், ஒடியவும் செய்யும். பள்ளம் விழுவது அப்படித்தான்.

கெட்டித்தன்மை என்பது வேறு சங்கதி. ஒரே அடர்த்தியில் பூப்போல மெத்தென்ற ஃபோமும் செய்யலாம், பலகை போன்ற ஃபோமும் செய்யலாம். கலக்கும் ரசாயனங்களின் அளவை மாற்றினால் போதும். அதனால்தான் 18 அடர்த்தியுள்ள மட்டமான ஃபோம்கூட புதிதாக இருக்கும்போது கைக்குக் கெட்டியாகத் தெரிகிறது. அடர்த்தி எத்தனை நாள் உழைக்கும் என்பதைச் சொல்கிறது. கெட்டித்தன்மை படுத்தால் எப்படி இருக்கும் என்பதைச் சொல்கிறது. இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், தனித்தனியாகச் சோதிக்கவும் வேண்டும்.

அடர்த்தியைச் சோதிப்பது சுலபம். 10 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம் உள்ள ஒரு துண்டை வெட்டி, சமையலறைத் தராசில் வையுங்கள். எத்தனை கிராம் காட்டுகிறதோ அதுதான் அடர்த்தி. 32 கிராம் என்றால் 32 அடர்த்தி. கணக்கு எதுவும் போட வேண்டியதில்லை. துண்டு கிடைக்காவிட்டால் முழுப் பலகையையே நிறுத்துப் பாருங்கள். 190 செ.மீ. நீளம், 90 செ.மீ. அகலம், 15 செ.மீ. கனம் உள்ள பலகையின் கன அளவு 0.2565 கன மீட்டர். 32 அடர்த்தி உண்மையென்றால் 8.2 கிலோ இருக்க வேண்டும். ஐந்தரைக் கிலோதான் இருக்கிறதென்றால் உங்கள் கையில் இருப்பது 21 அடர்த்தி. சில இடங்களில் கன அடிக்கு இத்தனை பவுண்டு என்று போட்டிருப்பார்கள். அந்த எண்ணை 16-ஆல் பெருக்கினால் கிலோ கணக்கு வந்துவிடும்.

இதில் ஒரு எச்சரிக்கை. எடையைக் கூட்டிக் காட்டுவதற்காகச் சுண்ணாம்புத் தூள் போன்ற நிரப்பிகளைச் சேர்த்துச் செய்யும் ஃபோமும் உண்டு. எடை ஏறும், உழைப்பு ஏறாது. சாதாரண பி.யு. ஃபோம் அழுத்தி விட்டவுடன் துள்ளி எழ வேண்டும். எடை சரியாக இருந்தும் மந்தமாக எழுகிறது என்றால் எனக்குச் சந்தேகம் வரும், வாங்க மாட்டேன்.

கெட்டித்தன்மையின் எண்

தொழிலில் இதை ஐ.எல்.டி. என்றும் ஐ.எஃப்.டி. என்றும் சொல்கிறார்கள். 4 அங்குலக் கனமுள்ள ஃபோம் துண்டின் மேல் 8 அங்குல விட்டமுள்ள வட்டத் தகட்டை வைத்து அழுத்துவார்கள். ஃபோம் கால் பங்கு, அதாவது 1 அங்குலம் அமுங்க எத்தனை பவுண்டு விசை வேண்டியிருக்கிறது என்பதுதான் அந்த எண். 12 முதல் 20 வரை என்றால் மிருது, 20 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கெட்டி என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். 40 சதவீதம் அமுக்கி, நியூட்டன் கணக்கில் அளக்கும் முறையும் இருக்கிறது. அதில் எண்கள் வேறு மாதிரி, மிகப் பெரிதாக வரும். எந்த முறை என்று கேட்காமல் இரண்டு ஃபோம்களின் எண்களை ஒப்பிட வேண்டாம்.

அந்த எண்ணைவிட எனக்கு முக்கியமாகப்படுவது இன்னொன்று. ஃபோமைக் கால் பங்கு அமுக்க ஒரு விசை வேண்டும், 65 சதவீதம் அமுக்க அதைவிடப் பெரிய விசை வேண்டும். இரண்டாவது முதலாவதைப் போல எத்தனை மடங்கு என்று பாருங்கள். சாதாரண பி.யு. ஃபோமில் ஏறக்குறைய இரண்டு மடங்கு, சில சமயம் அதற்கும் குறைவு. நல்ல எச்.ஆர். (ஹை ரெசிலியன்ஸ், அதாவது துள்ளல் அதிகமுள்ள) ஃபோமில் இரண்டரை மடங்கை ஒட்டி வரும். லேடெக்ஸ் என்ற ரப்பர் ஃபோமில் மூன்று மடங்கு வரை போகும்.

இந்த மடங்குக்கு என்ன பொருள்? ஒருக்களித்துப் படுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தோளும் இடுப்பும் உள்ளே இறங்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கே வலிக்கும், கை மரத்துப்போகும். இறங்கிய பிறகு ஓர் இடத்தில் நிற்கவும் வேண்டும், இல்லாவிட்டால் முதுகெலும்பு வளைந்துவிடும். மடங்கு குறைவான ஃபோம் இறங்க விடும், நிறுத்தாது. சேற்றில் கால் வைத்ததுபோல் போய்க்கொண்டே இருக்கும். மடங்கு அதிகமான ஃபோம் முதலில் இடம் கொடுத்துவிட்டு, போகப் போக எதிர்த்துத் தாங்கும். மேலே மிருதுவாகவும் உள்ளே உறுதியாகவும் இருக்கிறது என்று நல்ல மெத்தையைப் பற்றிச் சொல்கிறோமே, அது இதுதான். ஒரே பொருளில் இந்தக் குணம் கிடைக்கப் பணம் அதிகம் ஆகும். குறைந்த செலவில் அதை வரவழைக்கும் வழிதான் அடுக்கு: மேலே மிருதுவான ஒன்று, கீழே கெட்டியான ஒன்று.

என்னென்ன ஃபோம் கிடைக்கிறது

சாதாரண பி.யு. ஃபோம் விலை குறைவு. அடி அடுக்குக்கு இதுவே போதும், அடர்த்தி 30-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால். 32-க்கு மேல் இருந்தால் நிம்மதி. எச்.ஆர். ஃபோமும் பாலியூரித்தேன்தான். ஆனால் அதன் ஓட்டைகள் ஒரே சீராக இல்லாமல் பெரிதும் சிறிதுமாகக் கலந்திருக்கும். அதனால்தான் துள்ளலும் தாங்கும் திறனும் கூடுதல். இதில் 40 அடர்த்தியும் அதற்கு மேலும் தேடுங்கள். லேடெக்ஸுக்குப் பணம் இல்லை என்றால் மேலடுக்குக்கு இதைத்தான் சொல்வேன்.

மெமரி ஃபோமைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. 1966-இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காக, விமான இருக்கைகளில் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் மெத்தையாக உருவானது. அழுத்தினால் மெதுவாக அமுங்கும், விட்டால் மெதுவாக எழும். உடம்பின் சூட்டில் இளகி உருவத்துக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும். தோள் வலி உள்ளவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் இதற்குத் தாங்கும் வேலை தெரியாது. மெமரி ஃபோமை மட்டும் கனமாக அடுக்கிச் செய்தால், புரள முடியாமல் புதைந்து கிடப்பீர்கள். கெட்டியான அடித்தளத்தின் மேல் 5 செ.மீ., மிஞ்சினால் 7 செ.மீ. போதும். இன்னும் இரண்டு குறைகள் உண்டு. உடம்புச் சூட்டைப் பிடித்துவைக்கும், அதனால் வியர்க்கும் சுபாவம் உள்ளவர்களுக்குச் சரிப்படாது. அறை மிகவும் குளிர்ந்திருந்தால் முதலில் கட்டையாக இருந்து, படுத்துச் சற்று நேரம் கழித்துத்தான் இளகும். அடர்த்தி 50-க்குக் கீழே இருந்தால் வாங்காதீர்கள். 64 இருந்தால் நல்லது. மலிவான மெமரி ஃபோம் பெரும்பாலும் 40-ஐ ஒட்டி இருக்கும். 40 என்பது எச்.ஆர். ஃபோமுக்கு நல்ல எண், மெமரி ஃபோமுக்கு மோசமான எண். அடர்த்தியை எப்போதும் ஒரே வகைக்குள்தான் ஒப்பிட வேண்டும்.

லேடெக்ஸ் இயற்கை ரப்பர் பாலிலிருந்தோ செயற்கை ரப்பர் பாலிலிருந்தோ வருவது. முழுக்க இயற்கையானது, செயற்கையானது, இரண்டும் கலந்தது என்று மூன்று விதம். செய்முறையிலும் இரண்டு வழி. பாலை நுரைக்க அடித்து அச்சில் ஊற்றி வேகவைப்பது டன்லப் முறை. 1929-இல் தொடங்கியது. அச்சுக்குள் வெற்றிடம் உண்டாக்கி, உறையவைத்து, பிறகு வேகவைப்பது டலாலே முறை. டன்லப் சற்றுக் கெட்டி, விலை குறைவு. டலாலே மிருது, சீரானது, விலை கூடுதல். இரண்டுமே பி.யு. ஃபோமைவிட நெடுங்காலம் குணம் மாறாமல் இருக்கும். அடர்த்தி 65 முதல் 90 வரை வரும் என்பதால் எடையும் அதிகம். வெயில் பட்டால் பொடிப்பொடியாக உதிரும், அதனால் உறையில்லாமல் ஜன்னல் ஓரத்தில் போட்டு வைக்கக் கூடாது. ரப்பர் பால் ஒவ்வாமை உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இதைத் தவிர்த்துவிடலாம். செலவைப் பார்த்தால் முழு மெத்தையையும் லேடெக்ஸில் செய்வது கட்டுப்படியாகாது. 5 செ.மீ. மேலடுக்கு மட்டும் வாங்கினால், 200 செ.மீ.க்கு 100 செ.மீ. அளவில் ஏழெட்டுக் கிலோதான் வரும், அந்தப் பணத்துக்கு அது முழு மதிப்புத் தரும்.

ரீபாண்டட் என்பது கழிவு ஃபோம் துண்டுகளை அரைத்து, பசை சேர்த்து அழுத்திச் செய்த பலகை. பல நிறப் புள்ளிகளோடு இருக்கும். 80, 100 என்று அடர்த்தி சொல்வார்கள். அந்த எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். எடை அழுத்தியதால் வந்தது, சுகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. நேரடியாகப் படுக்க மிகக் கட்டை. அடியில் 5 செ.மீ. போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். பெட்டிகளில் பொருள் உடையாமல் சுற்றி வரும் வெள்ளை ஃபோமும் சில மெத்தைகளில் புகுந்துவிடுகிறது. அதில் காற்று புகாது, அமுங்கினால் எழாது. வேண்டாம்.

பணத்தை எங்கே போடுவது

மெத்தையின் மேற்புறம்தான் அதிகம் அமுங்குகிறது. அதனால் முதலில் தேய்வதும் அதுவே. அடித்தளம் கெட்டியாக இருப்பதால் சிறிதளவே வளையும், சுமாரான அடர்த்தியிலும் பல வருஷம் தாக்குப்பிடிக்கும். ஆகவே அடியில் 32 அடர்த்தியுள்ள கெட்டியான பி.யு. ஃபோம், 12 முதல் 15 செ.மீ. கனம். மேலே உங்களால் முடிந்த மிக நல்ல பொருள், கனம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. மட்டமான ஃபோமில் 10 செ.மீ. மேலடுக்கு போடுவதைவிட, நல்ல லேடெக்ஸிலோ எச்.ஆரிலோ 5 செ.மீ. போடுவது எவ்வளவோ மேல்.

மேலடுக்கின் கனத்தைத் தீர்மானிப்பது நீங்கள் படுக்கும் விதம். ஒருக்களித்துப் படுப்பவர்களுக்குத் தோள் இறங்க இடம் வேண்டும், 7 செ.மீ. வரை தேவைப்படும். மல்லாந்து படுப்பவர்களுக்கு 5 செ.மீ. சரியாக இருக்கும். குப்புறப் படுப்பவர்களுக்கு 2.5 செ.மீ.க்கு மேல் போனால் இடுப்பு இறங்கி முதுகு வில்லாக வளையும். உடல் எடை கூடுதலாக இருந்தால் கனத்தைக் கூட்டுவதற்கு முன் அடர்த்தியைக் கூட்டுங்கள். மெலிந்தவர்களுக்கும் சிறுவர்களுக்கும் கெட்டியான ஃபோம் அமுங்கவே அமுங்காது, அவர்களுக்கு இன்னும் மிருதுவான மேலடுக்கு வேண்டும். கைக்குழந்தைகளின் விஷயம் முற்றிலும் வேறு. அவர்களுக்குத் தட்டையான, கெட்டியான பரப்புதான் பாதுகாப்பு. மெமரி ஃபோம், மிருதுவான மேலடுக்கு எதிலும் அவர்களைப் படுக்க வைக்காதீர்கள், மூச்சுத் திணற வாய்ப்புண்டு.

மூன்றாவது அடுக்கு வேண்டுமா? மேலடுக்கு மிக மிருதுவாகவும் அடித்தளம் மிகக் கெட்டியாகவும் இருந்தால், படுத்ததும் அடித்தளம் "டக்" என்று இடிப்பது போலத் தெரியும். அப்போது இடையில் நடுத்தரக் கெட்டியில் 5 செ.மீ. போட்டால் சரியாகிவிடும். முதலிலேயே வாங்க வேண்டாம், இரண்டு அடுக்கில் சில நாள் படுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

எனக்கு மிகவும் கைகொடுத்த ஒரு யோசனை இது. அடித்தளத்தை ஒரே பலகையாக வாங்காமல், குறுக்குவாட்டில் மூன்று சம துண்டுகளாக வாங்குங்கள். தோளுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, காலுக்கு ஒன்று. உறைக்குள் நெருக்கி வைத்தால் நகராது, மேலே ஒரே துண்டாக மேலடுக்கு மூடிவிடுவதால் இணைப்பும் தெரியாது. உடம்பின் பாரம் பெரும்பகுதி நடுத்துண்டில்தான் விழுகிறது. வருஷத்துக்கு ஒருமுறை அதைக் கால் பக்கத்துத் துண்டோடு மாற்றி வைத்தால் அவை இரண்டும் சமமாகத் தேயும். இடுப்பு இறங்குகிறது என்று தோன்றினால் நடுத்துண்டை மட்டும் இன்னும் கெட்டியாக வாங்கினால் போதும். சிறு துண்டுகள் பெரிய பலகையைவிட மலிவாகக் கிடைப்பதும் உண்டு, தூக்கி வருவதும் எளிது.

இதற்காகவே சொல்கிறேன், அடுக்குகளைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். உராய்வே அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒட்டிவிட்டால் ஓர் அடுக்கு கெட்டுப்போனாலும் முழு மெத்தையையும் தூக்கிப் போட வேண்டியதாகிவிடும்.

உறை விஷயத்தில் பலர் கவனக்குறைவாக இருந்துவிடுகிறார்கள். விறைப்பான துணியில் இறுக்கமாகத் தைத்தால், அது முரசின் தோல் போல இழுபட்டு நிற்கும். அடியில் எவ்வளவு விலையுயர்ந்த லேடெக்ஸ் இருந்தாலும் உடம்பு அதற்குள் இறங்காது. பனியன் துணி போல இழுபடும் பின்னல் துணியில், மூன்று பக்கம் ஜிப் வைத்துத் தையுங்கள். வெட்டுவதற்கு நீளமான பல்கத்தி போதும். அழுத்தாமல் முன்னும் பின்னும் இழுத்து வெட்ட வேண்டும், அழுத்தினால் ஓரம் சாய்ந்துவிடும்.

புது ஃபோமில் வாடை வரும். உறை போடுவதற்கு முன் நிழலில், காற்றோட்டத்தில் சில நாள் கிடத்துங்கள். மெத்தைக்கு அடியிலும் காற்று போக வேண்டும். வெறும் தரையிலோ மூடிய பலகையிலோ போட்டால் வியர்வையின் ஈரம் அடியில் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். சட்டங்கள் உள்ள கட்டில் நல்லது, சட்டங்களுக்கு இடையே 7 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் ஃபோம் அதற்குள் பிதுங்கும். பாலியூரித்தேன் தீயைச் சட்டென்று பற்றிக்கொள்ளும், அதன் புகை கொடியது. விளக்கு, கொசுவர்த்தி, சிகரெட் எதுவும் அதன் பக்கத்தில் வரக் கூடாது.

வாங்குவதற்கு முன் அடுக்கிப் படுத்துப் பார்க்க முடிந்தால் கண்டிப்பாகப் பாருங்கள். கையால் அழுத்துவது போதாது. உள்ளங்கை சிறியது, அது மேலடுக்கை மட்டும்தான் உணரும், உங்கள் இடுப்பு எவ்வளவு இறங்கும் என்று அதற்குத் தெரியாது. கால் மணி நேரம் ஒருக்களித்துப் படுங்கள். வீட்டிலிருந்து கூட வந்தவரைப் பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகெலும்பு நேர்கோடாக இருந்தால் சரி. இடுப்பு தாழ்ந்திருந்தால் அடித்தளம் போதாது, நடுமுதுகு தொங்கித் தோள் தூக்கி நின்றால் மேலடுக்கு போதாது. முடியாவிட்டால் அடித்தளத்தை மட்டும் முதலில் வாங்கி, வீட்டில் இருக்கும் கனமான போர்வைகளை மேலே போட்டுச் சில நாள் படுங்கள். எந்த இடம் உறுத்துகிறது என்று உடம்பே சொல்லும், மேலடுக்கை அதற்கேற்ப வாங்கலாம். புது ஃபோம் முதல் சில வாரங்களில் கொஞ்சம் இளகும் என்பதையும் கணக்கில் வைத்து, விரும்புவதைவிட ஒரு பிடி கெட்டியாகவே எடுங்கள்.

ஒவ்வொரு அடுக்கையும் உறைக்குள் போடுவதற்கு முன், அதன் ஓரத்தில் அடர்த்தி, கெட்டித்தன்மை எண், வாங்கிய தேதி மூன்றையும் பேனாவால் எழுதி வையுங்கள். பள்ளம் விழுந்தது போலத் தோன்றும் நாளில் ஜிப்பைத் திறந்து மேலடுக்கை எடுத்துவிட்டு, அடித்தளத்தின் மேல் நேரான நீண்ட குச்சி ஒன்றைக் குறுக்கே வையுங்கள். குச்சிக்கும் ஃபோமுக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தால் அந்தத் துண்டை மாற்றுங்கள். தெரியாவிட்டால் தேய்ந்தது மேலடுக்கு. ஓரத்தில் எழுதிய எண்ணைப் பார்த்து, அதைவிட அடர்த்தி கூடியதாக ஒன்று வாங்கி அந்த இடத்தில் வைத்து ஜிப்பை மூடிவிடலாம்.